வில்லியம் ரென்ஷாவின் ஏழு விம்பிள்டன் பட்டங்களை எப்படிக் கணக்கில் எடுப்பது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வினாடி வினாவுக்குத் தயாராகும்போது, வில்லியம் ரென்ஷா என்ற ஆங்கிலேயர் 1880களிலேயே 7 முறை விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்றார் என்று படித்திருக்கிறீர்கள். உங்கள் நண்பரோ, "அந்தக் காலத்தில் சாம்பியன் வருஷத்துக்கு ஒரே ஒரு ஆட்டம்தான் ஆடுவார், அதையெல்லாம் சாம்ப்ராஸ், ஃபெடரர் பட்டங்களோடு சேர்க்க முடியாது" என்கிறார். அப்படியானால் ரென்ஷா உண்மையில் என்ன சாதித்தார், அந்த ஏழு நிற்குமா என்பதுதான் உங்கள் கேள்வி. நான் பல ஆண்டுகளாக டென்னிஸ் பயிற்சியாளராக இருக்கிறேன். மாணவர்களுக்கு வாலி (பந்து தரையில் படும் முன்பே அடிக்கும் அடி) சொல்லிக்கொடுக்கப் போய், வலைக்கு முன்னேறி ஆடும் ஆட்டம் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கி, இந்த மனிதரிடம் வந்து சேர்ந்தேன். அதனால் எண்ணிக்கையைப் பற்றி மட்டும் சொல்லி நிறுத்த மனம் வரவில்லை, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் நண்பர் சொல்வதில் உள்ள உண்மை. விம்பிள்டன் 1877இல் தொடங்கியது. அந்த முதல் ஆண்டில் 22 பேர் பெயர் கொடுத்தார்கள், வந்தவர்கள் எல்லாரும் ஒரே வரிசையில் நின்று ஆடினார்கள், ஸ்பென்சர் கோர் வென்றார். அடுத்த ஆண்டு முதல் ஏற்பாடு மாறியது. முந்தைய ஆண்டின் சாம்பியன் ஒதுங்கி உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் எல்லாரும் 'ஆல் கமர்ஸ்' என்ற பொதுப் போட்டியில் சுற்றுச் சுற்றாக மோதுவார்கள். அதில் வென்ற ஒருவர் மட்டும் சாம்பியனை எதிர்த்து ஆடுவார். அந்தக் கடைசி ஆட்டத்துக்குச் சேலஞ்ச் ரவுண்ட் என்று பெயர். சாம்பியன் அந்த ஒன்றை வென்றால் பட்டம் அவரிடமே இருக்கும். வராமல் போனால் ஆல் கமர்ஸில் வென்றவரே சாம்பியன். ஆண்கள் ஒற்றையரில் இந்த முறை 1921 வரை இருந்தது, 1922இல் எடுத்துவிட்டார்கள். குத்துச்சண்டையில் உலகச் சாம்பியனை ஒரு போட்டியாளர் வந்து எதிர்ப்பது போன்ற ஏற்பாடு இது.

ரென்ஷா பட்டம் வென்ற ஆண்டுகள் 1881, 1882, 1883, 1884, 1885, 1886, பிறகு 1889. இவற்றில் 1882 முதல் 1886 வரையிலான ஐந்து பட்டங்களும் சேலஞ்ச் ரவுண்டில் காத்துக்கொண்டவை. ஐந்து ஆண்டுகளில் ஐந்தே ஆட்டம். இன்று 128 பேர் கொண்ட போட்டியில் ஒரு பட்டத்துக்கு ஏழு சுற்றுகளைத் தாண்ட வேண்டும். ஆக, ஆட்டங்களின் எண்ணிக்கையைத் தராசில் வைத்தால் உங்கள் நண்பர் பக்கம் தட்டு தாழ்கிறது, இதில் சந்தேகமே இல்லை. போட்டியாளர்களின் எண்ணிக்கையும் குறைவு. 1880களின் நடுவில் ஆல் கமர்ஸில் பெயர் கொடுத்தவர்கள் முப்பது பேருக்கும் கீழே. அநேகமாக எல்லாரும் பிரிட்டிஷ் தீவுகளைச் சேர்ந்தவர்கள், டென்னிஸ் ஆட நேரமும் வசதியும் உள்ள வீடுகளில் பிறந்தவர்கள்.

ஆனால் நண்பரின் வாதம் இரண்டு பட்டங்களைக் கவனிக்காமல் தாண்டிப் போகிறது. ரென்ஷாவை நான் மதிப்பது முக்கியமாக அந்த இரண்டுக்காகத்தான். 1881இலும் 1889இலும் அவர் சாம்பியனாக உட்கார்ந்திருக்கவில்லை. முதல் சுற்றிலிருந்து ஆடி மேலே வந்து, உட்கார்ந்திருந்த சாம்பியனை வீழ்த்தினார். இரண்டுக்கும் இடையில் எட்டு ஆண்டு இடைவெளி.

1881இல் அவருக்கு 20 வயது. இரட்டைப் பிள்ளைகளில் மூத்தவர், தம்பி எர்னஸ்ட் சில நிமிடங்கள் இளையவர். 1861 ஜனவரி 3இல் லெமிங்டன் ஸ்பா என்ற ஊரில் பிறந்தவர்கள், செல்டென்ஹாம் கல்லூரியில் படித்தவர்கள். அந்த ஆண்டின் உண்மையான சோதனை ஹெர்பர்ட் லாஃபோர்டோடு நடந்த ஆட்டம். லாஃபோர்ட் ரென்ஷாவைவிடப் பத்து வயது மூத்தவர். பேஸ்லைனில், அதாவது கோர்ட்டின் பின்கோட்டில் நின்று, பந்தை டாப்ஸ்பின் (முன்னோக்கிய சுழற்சி) ஏற்றி ஓங்கி அடிப்பவர், அவருடைய ஃபோர்ஹேண்டுக்கு 'லாஃபோர்ட் ஸ்ட்ரோக்' என்றே பெயர் இருந்தது. ரென்ஷா 1–6, 6–3, 6–2, 5–6, 6–3 என்று ஐந்து செட்டில் தப்பினார். 5–6 என்ற செட்டைப் பார்த்து அச்சுப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள். அப்போது இறுதிப் போட்டி தவிர மற்ற ஆட்டங்களில் 5–5 ஆனதும் அடுத்த கேமே செட்டை முடிவுசெய்யும். இரண்டு கேம் வித்தியாசம் வேண்டும் என்ற விதி எல்லா ஆட்டங்களுக்கும் 1884இல்தான் வந்தது.

பிறகு சேலஞ்ச் ரவுண்டில் முந்தைய இரண்டு ஆண்டுகளின் சாம்பியனான பாதிரியார் ஜான் ஹார்ட்லியை 6–0, 6–1, 6–1 என்று தோற்கடித்தார். நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. விம்பிள்டன் வரலாற்றில் இவ்வளவு ஒருதலையான இறுதிப் போட்டிகள் மிகச் சில. ஹார்ட்லி அன்று உடல்நலம் குன்றியிருந்தார் என்று பழைய குறிப்புகள் சொல்கின்றன. அது உண்மையாக இருக்கலாம், ஆனால் முடிவை அது மாற்றியிருக்கும் என்று நான் எண்ணவில்லை. ஹார்ட்லி பந்தைப் பொறுமையாகத் திருப்பிக்கொண்டே இருந்து எதிரியின் தவறுக்காகக் காத்திருப்பவர். ரென்ஷா வந்தபின் அப்படிக் காத்திருக்க அவகாசமே கிடைக்கவில்லை.

இங்கே ரென்ஷா என்ன புதிதாகச் செய்தார் என்பதைச் சொல்ல வேண்டும். பட்டப் பட்டியலில் தெரியாத சாதனை இதுதான், என் பார்வையில் பட்டங்களைவிடப் பெரியதும் இதுதான். முதல் சாம்பியன் ஸ்பென்சர் கோர்கூட வாலி ஆடியவர்தான். ஆனால் அவர் வலையை ஒட்டி நின்றார். அப்போது வலை, கம்பத்தருகே 5 அடி உயரம், நடுவில் 3 அடி 3 அங்குலம். ஓரக்கோட்டை ஒட்டி பந்தை அடித்து அவரைத் தாண்டிப் போக முடியாது, ஏனென்றால் அந்த இடத்தில் வலை தலைக்குக் கிட்டத்தட்ட எட்டுகிற உயரம். நடுவில்தான் அடிக்க வேண்டும், நடுவில் அவர் நிற்கிறார். 1878இல் ஃபிராங்க் ஹேடோ இதற்கு விடை கண்டுபிடித்தார். பந்தைக் கோரின் தலைக்கு மேல் தூக்கிப் போட்டார். லாப் என்று இன்று நாம் சொல்லும் அடிதான் கோரின் பட்டத்தைப் பறித்தது. அதற்கப்புறம் ஹார்ட்லியின் காலம், எல்லாரும் பின்னால் நின்று நீண்ட பரிமாற்றங்கள் ஆடிய காலம்.

ரென்ஷா சகோதரர்கள் அந்த லாபுக்கு மறுவிடை கொண்டுவந்தார்கள். வலையை ஒட்டி நிற்காமல், சர்வீஸ் கோட்டுக்கு அருகில் நின்று வாலி ஆடினார்கள். அங்கே நின்றால் தலைக்கு மேல் போகும் பந்துக்கு இரண்டு மூன்று அடி பின்வாங்கினால் போதும். அப்படி வந்த பந்தை வில்லியம் கீழே விழவிடாமல் தலைக்கு மேலிருந்து ஓங்கி அறைந்தார். அதைப் பார்த்தவர்களுக்கு அது முற்றிலும் புதிய காட்சி. 'ரென்ஷா ஸ்மாஷ்' என்று பெயரிட்டார்கள். அதோடு பின்வரிசையில் ஆடும்போதும் பந்து துள்ளி உச்சிக்குப் போய் இறங்கும்வரை காத்திருக்காமல், எழும்பும்போதே அடித்தார். எதிரிக்குக் கிடைக்கும் நேரத்தைத் திருடும் ஆட்டம் இது. இன்று பதினான்கு வயதுப் பிள்ளைக்கு நான் சொல்லிக்கொடுக்கும் அரைவாசி விஷயம் — பந்தை முன்னால் சந்தி, லாபுக்கு இடம் வைத்து நில், மேலே வந்ததை முடித்துவிடு — 1881இல், அப்போது விம்பிள்டன் போட்டி நடந்த வோர்ப்பிள் சாலை மைதானத்தில் கூட்டத்தின் முன்னால் ஆடிக் காட்டப்பட்டது.

அவர் ஒரே உத்தியில் நின்றுவிட்டவர் இல்லை என்பதற்கு இன்னொரு சான்று வலையின் உயரத்திலேயே இருக்கிறது. 1880இல் கம்பத்தருகே 4 அடி. 1882இல் 3 அடி 6 அங்குலமாகக் குறைத்தார்கள். இன்றும் அதே உயரம்தான். கம்பத்தருகே வலை தாழ்ந்தால் யாருக்கு லாபம்? பேஸ்லைனில் நிற்பவருக்கு. ஓரக்கோட்டை ஒட்டிப் பந்தை அடித்து, முன்னேறி வருபவரைத் தாண்டிவிடலாம். லாஃபோர்ட் போன்றவர்களுக்குக் கிடைத்த பெரிய உதவி அது. அதாவது விதி ரென்ஷாவுக்கு எதிராக நகர்ந்தது. அதற்குப் பிறகும் அவர் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வென்றார். 1884, 1885, 1886 மூன்று ஆண்டுகளும் சேலஞ்ச் ரவுண்டுக்கு வந்தவர் லாஃபோர்ட்தான். 6–0, 6–4, 9–7 முதல் ஆண்டு. 7–5, 6–2, 4–6, 7–5 இரண்டாம் ஆண்டு. 6–0, 5–7, 6–3, 6–4 மூன்றாம் ஆண்டு. இதே மூன்று ஆண்டுகளில் டப்ளினில் நடந்த அயர்லாந்து சாம்பியன்ஷிப்பை வென்றவர் அதே லாஃபோர்ட். அந்தக் காலத்தில் விம்பிள்டனுக்கு அடுத்த மதிப்பு அதற்குத்தான். ஆகவே எதிரே வந்தவர் தளர்ந்துபோன ஆள் இல்லை, தன் ஆட்டத்தின் உச்சியில் இருந்தவர்.

சேலஞ்ச் ரவுண்டில் சாம்பியனுக்கு இருந்த சலுகை எவ்வளவு பெரியது என்பதையும் பார்க்க வேண்டும். களைப்பில்லாமல் வருகிறார், அது சலுகை. ஆனால் அந்த ஆண்டு ஒரு போட்டி ஆட்டம்கூட அந்தப் புல்லில் ஆடாமல், நாலைந்து சுற்று வென்று கை பழகிய ஒருவரை நேரே சந்திக்கிறார் என்பது பாதகம். நடந்த கணக்கைப் பாருங்கள். 1888இல் சாம்பியன் லாஃபோர்ட் தோற்றார். 1889இல் சாம்பியன் எர்னஸ்ட் தோற்றார். 1890இல் சாம்பியன் வில்லியமே தோற்றார். 1896, 1897 இரண்டு ஆண்டுகளிலும் சாம்பியன்கள் தோற்றார்கள். உட்கார்ந்திருந்தால் பட்டம் தானாக மடியில் விழுந்துவிடும் என்ற நிலை இருந்ததில்லை.

இன்னொரு பக்கமிருந்தும் சோதிக்கலாம். இந்தச் சலுகை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் எல்லாச் சாம்பியன்களுக்கும் சமமாக இருந்தது. முதல் உலகப் போருக்கு முன்னிருந்த பெரிய பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ரெஜி டோஹர்ட்டி 1897 முதல் 1900 வரை தொடர்ந்து நான்கு. அவர் தம்பி லாரி 1902 முதல் 1906 வரை ஐந்து. நியூசிலாந்துக்காரர் ஆண்டனி வில்டிங் 1910 முதல் 1913 வரை நான்கு, 1914இல் நார்மன் புரூக்ஸிடம் இழந்தார். அதே சலுகையோடு ஆடிய இவர்களில் ஒருவரும் தொடர்ந்து ஆறைத் தொடவில்லை. சலுகை ஒழிந்தபின் ஸ்வீடனின் பியோர்ன் போர்க் 1976 முதல் 1980 வரையும், ஃபெடரர் 2003 முதல் 2007 வரையும் ஐந்து ஐந்தாக வென்றார்கள். இருவருமே ஆறாவது ஆண்டின் இறுதிப் போட்டியில் தோற்றார்கள். ஆண்கள் ஒற்றையரில் தொடர்ந்து ஆறு என்ற வரி இன்றுவரை வில்லியம் ரென்ஷா பெயரில் தனியாகவே நிற்கிறது.

மொத்த எண்ணிக்கை வேறு. ஏழு என்ற எண்ணைச் சாம்ப்ராஸ் 2000இல் எட்டினார், 2022இல் ஜோகோவிச் எட்டினார். ஃபெடரர் 2017இல் எட்டாவதை வென்று தாண்டினார். சாம்ப்ராஸ் தொடும்வரை ரென்ஷாவின் எண் நூறு ஆண்டுகளுக்கு மேல் யாரும் நெருங்காமல் இருந்தது என்பதை இளைய வாசகர்கள் மறந்துவிடுகிறார்கள்.

இனி 1889. 1887இல் வில்லியம் தன் பட்டத்தைக் காக்க வரவில்லை. முழங்கையில் வலி, நாம் 'டென்னிஸ் எல்போ' என்று சொல்வதுதான். அந்த ஓங்கி அறையும் ஸ்மாஷும் சர்வும் கனமான மரமட்டையோடு ஆண்டுக்கணக்கில் ஆடினால் என்ன ஆகும் என்று என் தொழிலில் உள்ள எவரும் ஊகிக்கலாம். 1888இல் திரும்பி வந்தார், அயர்லாந்தின் வில்லோபி ஹாமில்டனிடம் ஆல் கமர்ஸிலேயே தோற்றார். அந்த ஆண்டு எர்னஸ்ட் சாம்பியன் ஆனார். எல்லாரும் வில்லியமின் காலம் முடிந்தது என்று நினைத்த இடத்தில், 1889 ஆல் கமர்ஸ் இறுதியில் ஹாரி பார்லோவைச் சந்தித்தார்.

முதல் இரண்டு செட்டும் பார்லோவுக்கு, 6–3, 7–5. மூன்றாவதை வில்லியம் 8–6 என்று பிடித்தார். நான்காவதில் 2–5 என்று பின்தங்கினார். பார்லோவுக்கு ஆறு மேட்ச் பாயிண்ட் (அந்த ஒரு புள்ளியை எடுத்தால் ஆட்டமே முடியும் வாய்ப்பு) கிடைத்தன. ஆறையும் தாண்டி 10–8. அப்படி வந்தபின் ஐந்தாவது செட்டில் 0–5. ஒரு கேம் கொடுத்தால் முடிந்தது. அங்கிருந்து 8–6. பிறகு சேலஞ்ச் ரவுண்டில் தன் கூடப் பிறந்த எர்னஸ்டை 6–4, 6–1, 3–6, 6–0 என்று வென்று ஏழாவது பட்டத்தை எடுத்தார். இந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு கதையும் சேர்ந்து வருகிறது. ஒரு மேட்ச் பாயிண்டில் வில்லியம் தடுமாறி மட்டையைக் கீழே விட்டார், பார்லோ பந்தை அடித்து முடிக்காமல் மெதுவாகத் தூக்கிப் போட்டார், வில்லியம் மட்டையை எடுத்து அந்தப் புள்ளியை வென்றார் என்பது கதை. மட்டை விழுந்தது வரை நம்பலாம். பார்லோ பெருந்தன்மையால் அப்படிச் செய்தாரா, பதற்றத்தில் கை தளர்ந்து அடித்தாரா என்பது எழுதுகிறவரின் மனம்போலத் திரிகிறது. மேட்ச் பாயிண்டில் எதிரே காலியான கோர்ட்டைப் பார்க்கும்போது கை இறுகிப்போவதை நான் பல தடவை ஓரத்தில் நின்று கண்டிருக்கிறேன். அதனால் இரண்டாவது விளக்கத்தின் பக்கமே என் மனம் சாய்கிறது.

உங்கள் நண்பருக்கு நான் காட்டக்கூடிய மிக வலுவான ஆட்டம் அது. வருஷத்துக்கு ஒரே ஆட்டம் ஆடிய சொகுசுச் சாம்பியன் என்ற படத்தோடு அது பொருந்தவே பொருந்தாது.

அடுத்த ஆண்டு ஹாமில்டன் மறுபடி வந்தார். 1890 சேலஞ்ச் ரவுண்டில் 6–8, 6–2, 3–6, 6–1, 6–1. கடைசி இரண்டு செட்டின் எண்களே கதை சொல்கின்றன. அயர்லாந்துக்காரர் ஒருவர் விம்பிள்டனில் ஆண்கள் ஒற்றையர் பட்டம் வென்றது அதுவே முதல் முறை. வில்லியமின் ஆட்சி அதோடு முடிந்தது.

சந்தேகத்துக்கு இடமான விஷயங்களுக்கு வருகிறேன். பலரும் கேட்பது எர்னஸ்டைப் பற்றி. 1882, 1883, 1889 மூன்று முறை அண்ணன் தம்பி இறுதியில் மோதினார்கள், மூன்றிலும் அண்ணன் வென்றார். முதல் இரண்டும் ஐந்து செட் ஆட்டங்கள்: 6–1, 2–6, 4–6, 6–2, 6–2 என்றும் 2–6, 6–3, 6–3, 4–6, 6–3 என்றும். எர்னஸ்ட்தான் அழகான ஆட்டக்காரர், அண்ணனுக்காக விட்டுக்கொடுத்தார் என்று அப்போதே பேசிக்கொண்டார்கள். இரட்டைப் பிள்ளைகளாக ஒரே வீட்டில் வளர்ந்து, தினமும் ஒன்றாகப் பயிற்சி செய்து, இருவர் ஆட்டத்தில் ஒரே பக்கம் நின்ற இருவர் நேருக்கு நேர் ஆடும்போது மனதில் என்ன ஓடும் என்பதை ஸ்கோரை வைத்துச் சொல்ல முடியாது. ஒளிப்பதிவும் இல்லை, இன்று போல எத்தனை சர்வ், எத்தனை தவறு என்ற கணக்கும் இல்லை. விட்டுக்கொடுத்தார் என்பதற்குச் சான்றும் இல்லை. 1889இன் கடைசிச் செட் 6–0 என்பதை வைத்து அப்படி ஊகிப்பவர்கள் உண்டு. நான் அதில் சேர மாட்டேன். எர்னஸ்டின் 1888 பட்டமும் அயர்லாந்துப் பட்டங்களும் அவருடைய தகுதிக்குப் போதுமான சான்று, அண்ணனின் பட்டங்களைக் குறைத்துத்தான் தம்பியை உயர்த்த வேண்டும் என்பதில்லை.

இன்னொன்று, களிமண் கோர்ட்டைக் கண்டுபிடித்தவர்கள் ரென்ஷா சகோதரர்கள் என்ற கதை. பிரான்ஸின் கான் நகரில் போ சீத் விடுதியின் புல் கோர்ட்டுகள் வெயிலில் காய்ந்துபோனதால், பக்கத்து ஊரில் உடைந்த மண்பாண்டங்களை இடித்துத் தூளாக்கி மேலே பரப்பினார்கள் என்பார்கள். அவர்கள் குளிர்காலங்களில் அங்கே போய் ஆடியதும், அந்த விடுதியின் கோர்ட்டுகளுக்கு அவர்களால் பெயர் வந்ததும் நிச்சயம். சிவப்புத் தூளை முதலில் பரப்பிய கை அவர்களுடையதா என்பது செவிவழி வந்த கதை அளவிலேயே நிற்கிறது. வினாடி வினாவில் அதை உறுதியான விடையாகக் கொடுக்காதீர்கள்.

ஃபெடரரோடு ஆடியிருந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு நான் விடை சொல்வதே இல்லை. மட்டை வேறு, பந்து வேறு, புல் வேறு, தொழில்முறை ஆட்டம் என்ற ஒன்றே அப்போது கிடையாது. தன் காலத்தில் இருந்தவர்களை ஒருவர் எவ்வளவு தூரம் முந்தி நின்றார் என்பதை மட்டும்தான் நேர்மையாக அளக்க முடியும். அந்த அளவில் ரென்ஷாவின் இடம் மிக உயரத்தில் இருக்கிறது.

அவர் முந்தி நின்றதற்குக் கோப்பைகளே ஒரு சாட்சி. அப்போதைய விதிப்படி மூன்று முறை தொடர்ந்து வென்றவர் கோப்பையைத் தன் வீட்டுக்கே எடுத்துப்போகலாம். 1877 முதல் இருந்த ஃபீல்டு கோப்பையை வில்லியம் 1881, 82, 83 வென்று எடுத்துப்போனார். விம்பிள்டனை நடத்தும் ஆல் இங்கிலாந்து கிளப் புதிதாகச் சேலஞ்ச் கோப்பை ஒன்றை வைத்தது. 1884, 85, 86 வென்று அதையும் எடுத்துப்போனார். 1887இல் மூன்றாவது கோப்பையை வாங்கிய கிளப், இனி எத்தனை முறை வென்றாலும் கோப்பை யாருக்கும் சொந்தமாகாது என்று முடிவுசெய்தது. இன்று சென்டர் கோர்ட்டில் சாம்பியன்கள் தூக்கிக் காட்டும் அந்தப் பொன்முலாம் பூசிய வெள்ளிக் கோப்பை அதுதான். வீட்டுக்குக் கொண்டுபோவது அதன் சிறிய நகல்.

ஆட்டத்தின் மீது ஏற்பட்ட விளைவும் நிச்சயமான ஒன்று. பார்வையாளர்கள் வோர்ப்பிள் சாலைக்குப் பெருகி வந்தது இந்தச் சகோதரர்களைப் பார்க்கத்தான். மைதானம் ரயில் பாதையை ஒட்டி இருந்தது வசதியாகப் போனது. 'ரென்ஷா ரஷ்' என்றே அந்தக் கூட்டத்தைச் சொன்னார்கள். அவர்கள் விலகியபின் 1890களில் கூட்டம் வற்றியது, 1895இல் போட்டி நஷ்டத்தில் முடிந்தது. டோஹர்ட்டி சகோதரர்கள் வந்த பிறகே மறுபடி நிமிர்ந்தது. 1888இல் பிரிட்டனின் லான் டென்னிஸ் சங்கம் அமைந்தபோது அதன் முதல் தலைவராக வில்லியம் தேர்வானார், அப்போது அவருக்கு 27 வயது. எர்னஸ்ட் 1899இலும், வில்லியம் 1904 ஆகஸ்ட் 12இல் 43 வயதிலும் இறந்தார்கள். 1905 முதல் குடும்பத்தினர் ரென்ஷா பெயரில் ஒரு கோப்பையை விம்பிள்டனுக்கு வழங்கினார்கள். அமெரிக்காவில் நியூபோர்ட்டில் உள்ள டென்னிஸ் புகழ் மண்டபத்தில் 1983இல் அண்ணன் தம்பி இருவரையும் சேர்த்தார்கள்.

வினாடி வினாவுக்காக இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று, அதே காலத்தில் அமெரிக்காவில் ரிச்சர்ட் சியர்ஸ் 1881 முதல் 1887 வரை அமெரிக்கச் சாம்பியன்ஷிப்பைத் தொடர்ந்து ஏழு முறை வென்றார். அதில் முதல் மூன்று ஆண்டுகள் சேலஞ்ச் ரவுண்ட் இல்லை, 1884 முதல்தான் வந்தது. இருவருக்கும் ஏழு என்பதால் கேள்வியில் நாட்டைக் கவனியுங்கள். 1884 விம்பிள்டன் இரட்டையரில் சியர்ஸும் அவர் தோழர் ஜேம்ஸ் டுவைட்டும் ரென்ஷா சகோதரர்களிடம் தோற்றார்கள்.

இரண்டாவது, வில்லியமின் இரட்டையர் பட்டங்களைச் சில இடங்களில் ஐந்து என்றும் சில இடங்களில் ஏழு என்றும் பார்ப்பீர்கள். இரண்டுக்கும் காரணம் உண்டு. ஆண்கள் இரட்டையர் சாம்பியன்ஷிப் 1879 முதல் 1883 வரை ஆக்ஸ்ஃபோர்டில் நடந்தது, 1884இல்தான் விம்பிள்டனுக்கு மாறியது. எர்னஸ்டோடு சேர்ந்து ஆக்ஸ்ஃபோர்டில் 1880, 1881 இரண்டு ஆண்டுகளும், விம்பிள்டனில் 1884, 1885, 1886, 1888, 1889 ஐந்து ஆண்டுகளும் வென்றார். கேள்வி கேட்பவர் 'விம்பிள்டனில்' என்று குறிப்பிட்டால் ஐந்து என்று சொல்லுங்கள், ஒற்றையரோடு சேர்த்துக் கேட்டால் பன்னிரண்டு. ஆக்ஸ்ஃபோர்டையும் சேர்த்து எண்ணும் பட்டியலை வைத்து யாராவது பதினான்கு என்றால், அவர் சொல்வதும் தவறில்லை, எதை எண்ணுகிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.